காண்பன என்கிற நடுக்கட்டம்

போன மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து ஜெனிபர் போன் செய்தாள். என்னிடம் படித்து, பிறகு என்னோடு வேலை பார்த்து, இப்போது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"மேம், இந்த வருஷத்துல இருந்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புன்னு எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் டைம்டேபிள்ல போட்டுட்டாங்க. நீங்க அப்பவே லேப்ல செஞ்சவங்கல்ல. வந்து ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றாள்.

வகுப்பில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு செயலியைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட வேண்டுமாம். பிள்ளைகள் கண்ணை மூடியதும், இடமும் நேரமும் பதிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டுமாம்.

"ஏன்டி, மூடுன கண்ணுக்குள்ள பிள்ளை தூங்குதா முழிச்சிருக்கான்னு போட்டோல தெரியுமா?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பேசப்போனால் அரை மணி நேரமும் திட்டிவிட்டுத்தான் வருவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிப்பவர்கள் படிக்கட்டும்.

நான் வேதியியல் படித்தது, தற்காலிக வேலையில் மூன்று கல்லூரிகள் அலைந்தது, பிறகு மேலூர் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் நிரந்தரமானது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அதை விட்டுவிடலாம். சொல்ல வேண்டியது உப்பைப் பற்றி.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு செய்முறை உண்டு. சின்ன பாட்டிலில் பெயர் போடாத ஒரு உப்பைக் கொடுப்போம். அதைச் சூடாக்கி, கரைத்து, அமிலமும் காரமும் சேர்த்துப் பார்த்து, அது எந்த உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் வழி வகுப்பு என்பதால் தாளில் மூன்று கட்டம் போடுவோம். சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தாய், என்ன கண்டாய், அதிலிருந்து என்ன அறிந்தாய். இவ்வளவு அழகாகப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் இந்த மூன்று கட்டத்தையும் வலமிருந்து இடமாக நிரப்புவார்கள். எங்கள் லேப் உதவியாளர் பாண்டி நல்ல மனுஷன். பிள்ளைகள் அழுதால் தாங்கமாட்டார். தேர்வன்று தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் ஒவ்வொரு மேசையாகப் போய் உப்பின் பெயரை முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவார். பெயர் தெரிந்துவிட்டால் அறிவன முடிந்தது. அந்த உப்புக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று மனப்பாடமாக இருப்பதைக் காண்பனவில் எழுதிவிட வேண்டியதுதான். சோதனைக்குழாய் பாட்டுக்கு ஓரத்தில் நிற்கும். எங்களுக்கும் இது தெரியும். நாங்களும் அப்படித்தான் பாஸ் செய்து வந்தோம், என்னத்தைச் சொல்ல?

இதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது சுகன்யாவால். கொட்டாம்பட்டிப் பக்கம் நிலக்கடலை பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் முறைப்பாள். அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் அவளுக்கு வந்தது கேட்மியம் உப்பு. பாண்டி வந்து "கேட்மியம்" என்று முணுமுணுத்திருக்கிறார். பர்னர் இரைச்சலில் இவள் காதில் "கால்சியம்" என்று விழுந்திருக்கிறது. கால்சியத்துக்கு எழுத வேண்டியதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டாள்.

நான் மேசைக்குப் போனபோது அவள் இடது கையில் சோதனைக்குழாய் இருந்தது. உள்ளே கரையாமல் திரண்ட வீழ்படிவு, மாம்பழச் சாறு மாதிரி மஞ்சளாக. வலது கையால் காண்பனவில் எழுதிக்கொண்டிருந்தாள்: "வீழ்படிவு இல்லை."

ஃபெயில். மறுநாள் என் அறைக்கு வந்து சண்டை போட்டாள். "பாண்டி அண்ணே தப்பாச் சொல்லிட்டாரு மேம். நான் என்ன செய்ய?"

"கையில மஞ்சளா வச்சிருந்தியே, அது உனக்குத் தெரியலையா?"

ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்ல மேம். சத்தியமாத் தெரியல" என்றாள். முறைப்பு போய்விட்டது. அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. கண் முன்னால் இருந்தது நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு முதுகுவலி. கே.கே. நகரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா தினமும் பத்து நிமிஷம் படுத்து மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாவது மூச்சிலேயே குழம்புக்கு என்ன செய்வது என்று மனம் போய்விடும். ஆனாலும் ஒரு மாதம் செய்ததில் ஒன்று தெரிந்தது. வலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, வலிக்கப்போகிறது என்ற பயம். இருப்பதைப் பார்ப்பதும் ஒரு வேலை என்று ஐம்பது வயதில் உறைத்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று இறங்கிவிட்டேன்.

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. லேப் தொடங்கும்போது எல்லோரையும் ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவன் குறட்டை விட்டான். ஒரு பெண் சிரிப்பை அடக்க, பக்கத்திலிருந்தவள் அடக்கமுடியாமல் வெடிக்க, லேப் முழுக்கத் தொற்றிக்கொண்டது. இரண்டாம் வாரம் திருநகரிலிருந்து ஒரு அப்பா நேராகத் துறைத் தலைவர் அறைக்கே வந்துவிட்டார்.

"கெமிஸ்ட்ரி படிக்கத்தான் சார் அனுப்புனோம். இந்த மேடம் எந்தச் சாமியார் ஆளு? எங்க பிள்ளைய எந்த ஆசிரமத்துல கொண்டுபோய்ச் சேக்கப் போறாங்க?"

எங்கள் துறைத் தலைவர் சங்கரலிங்கம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சட்டைப்பையில் சாக்பீஸைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். லேப் விஷயத்தில் அவருக்கென்று சட்டம் உண்டு. தேர்வுக்கு உப்பு நிரப்பும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஜாடியின் லேபிளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சின்ன பாட்டிலில் கொட்ட வேண்டும். எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும் சரி, சின்னப் பிள்ளைகள் மாதிரி சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு அது கேலிக்கூத்தாகப் படும். அவர் முன்னால் சொன்னதில்லை.

அந்த அப்பாவை டீ கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது என்னம்மா, தியான வகுப்பா?"

"கண்ணை மூடச் சொன்னது என் தப்பு சார். கண்ணைத் திறந்து பார்க்கவைக்கப் போறேன்."

"எதை?"

"சோதனைக்குழாயை."

இரண்டு தடவை படிக்கிற மாதிரி என் முகத்தை இரண்டு தடவை பார்த்தார். "அஞ்சு நிமிஷம் எடுத்துக்கங்க. ஒரு வருஷம். ஆனா ஒன்னு, பரீட்சையில உங்க பேட்ச்ல ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் அந்த அஞ்சு நிமிஷத்த எனக்குத் திருப்பிக் குடுத்துரணும்."

நான் வைத்த முறை இதுதான். சேர்க்க வேண்டியதைச் சேர்த்ததும் சோதனைக்குழாயைத் தாங்கியில் நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட வேண்டும். அறிவன கட்டத்தின் மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து மறைத்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் பேச்சில்லை, வேறு வேலையில்லை, குழாயைப் பார்ப்பதுதான் வேலை. மனம் எங்காவது போனால் பரவாயில்லை, திரும்பக் கூட்டிக்கொண்டு வா. பிறகு பேனாவைத் திறந்து நடுக்கட்டத்தில் கண்டதை மட்டும் எழுது. காண்பனவில் தனிமத்தின் பெயரோ குறியீடோ வந்தால் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

முதல் மாதம் என்னை வையாத பிள்ளை இல்லை. பர்னர் எரிவதால் மின்விசிறி கிடையாது, ஆனி மாத வெயில் வேறு. "இம்புட்டு நேரம் என்னத்த மேம் பாக்க?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் ஐந்து நிமிஷம் முடிந்ததும் சோகமாக, "ஒன்னுமே நடக்கல மேம்" என்றான்.

"ஒன்னும் நடக்கலைன்னு எழுது. அதுவும் காண்பனதான்" என்றேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துவிட்டு எழுதினான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து மாறியது. "வெள்ளை வீழ்படிவு" என்று அச்சடித்த மாதிரி எழுதியவர்கள், "முதலில் புகை மாதிரி மேலே நின்றது, பிறகு தயிர்த் திப்பியாக அடியில் இறங்கியது" என்று எழுதத் தொடங்கினார்கள். நீலம் என்று மட்டும் எழுதிய ஒரு பெண், "ஓரத்தில் மயில் கழுத்து, நடுவில் சொட்டு நீலம்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் சங்கரலிங்கம் சாரிடம் காட்டினேன். படித்தார், திரும்பவும் படித்தார். "பரீட்சை வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சுகன்யா அப்போது மூன்றாம் ஆண்டு. அந்த உப்புத் தேர்வு மட்டும் அவளுக்கு அரியராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வளாக நேர்காணலில் ஒரு மருந்துக் கம்பெனி அவளை எடுத்திருந்தது. மருந்தின் தரம் பார்க்கிற ஆய்வகத்தில் வேலை. ஒரு அரியரும் இல்லாத சான்றிதழோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். தன் வகுப்பு இல்லாத நேரத்தில் இரண்டாம் ஆண்டு லேபுக்கு வந்து பின்னால் நின்றுகொள்வாள். ஜூனியர்களோடு ஐந்து நிமிஷமும் பார்ப்பாள். அரியரையும் என் பேட்சோடுதான் எழுத வேண்டும். குழாயையும் முறைத்துத்தான் பார்ப்பாள், அது அவள் சுபாவம்.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் உப்பு நிரப்பினோம். நிரப்பினேன் என்று சொல்வதுதான் சரி. கூட இருக்க வேண்டிய சக ஆசிரியைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். இருபது வருஷமாக எடுக்கிற ஜாடிகள், எது எங்கே இருக்கும் என்று கைக்கே தெரியும். நாலாம் நம்பர் பாட்டில்களுக்கு ஜிங்க் சல்பேட். இரண்டாம் தட்டில் மூன்றாவது ஜாடி. எடுத்தேன், கொட்டினேன், விடைப் பட்டியலில் எழுதி, மடித்து சாரிடம் கொடுத்துவிட்டேன். பாட்டிலில் நம்பர் ஒட்டும்போது பாண்டி அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், வழக்கம்போல.

மறுநாள் தேர்வு ஒழுங்காகத்தான் நடந்தது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த புறத் தேர்வாளர் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சுறுசுறுப்பாகத் திருத்திக்கொண்டே போனார். நாலாம் நம்பர் ஆறு பேருக்கு. ஐந்து தாளில் ஜிங்க். ஆறாவது தாளில் மெக்னீசியம். ஆறாவது சுகன்யா.

"ஒரே உப்பு, அஞ்சு பேரு கரெக்டா எழுதியிருக்கான். இந்தப் பொண்ணு மட்டும் எங்கயோ போயிருச்சு. பாருங்க, கரைகிறதுன்னு எழுதி அடிச்சுட்டு, கரையவில்லைன்னு எழுதியிருக்கு. குழப்பம்" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார்.

விஷயம் இதுதான். உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்கிற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜிங்க்குக்கும் வெள்ளையாக வீழ்படிவு வரும், மெக்னீசியத்துக்கும் வரும். இன்னும் அதிகமாக ஊற்றினால் ஜிங்க் கரைந்து தெளிந்துவிடும். மெக்னீசியம் கரையாது. இரண்டு உப்பும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கற்கண்டுத் தூள் மாதிரி.

சங்கரலிங்கம் சார் என்னைப் பார்த்தார். அந்த ஐந்து நிமிஷம் போச்சு. எனக்குச் சுகன்யா மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இப்படிச் செய்துவிட்டாளே, கையிலிருந்த வேலையையும் தொலைத்துவிட்டாளே என்று அழுகை முட்டியது. அவள் மேசைக்குப் போனேன். மற்றவர்கள் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். இவளுடையது தாங்கியில் அப்படியே நின்றது, பின்னால் வெள்ளைத் தாளோடு.

குழாய்க்குள் வெள்ளையாகக் கலங்கல்.

"காரம் பத்தாம ஊத்தியிருக்கும்" என்றார் புறத் தேர்வாளர். நான் காரப் பாட்டிலை எடுத்து இன்னும் ஊற்றினேன். குலுக்கினேன். நிறுத்திவைத்துப் பார்த்தேன். வெள்ளை அசையவில்லை. பிறகும் ஊற்றினேன்.

சங்கரலிங்கம் சார் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இருப்பறையின் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டாம் தட்டு, மூன்றாவது ஜாடி. அவர் லேபிளைச் சத்தமாகப் படித்தார். "மெக்னீசியம் சல்பேட்."

அதற்கு முந்தின வாரம் அலமாரிக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திரும்ப அடுக்கும்போது ஜாடிகள் இடம் மாறியிருக்கின்றன. என் கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. லேபிள் என் முகத்துக்கு நேராகப் பெரிய எழுத்தில்தான் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையில் நின்ற நேரத்துக்குள் எனக்கு மூன்று பொய்கள் தயாராகிவிட்டன. பாண்டி ஜாடியை மாற்றி அடுக்கிவிட்டார் என்று சொல்லலாம், அது முழுப் பொய்கூட இல்லை. நம்பர் ஒட்டியதில் தப்பு என்று சொல்லலாம். பட்டியலை அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன், ஐந்து பேரும் எப்படியோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். பிள்ளைகளை ஒரு வருஷம் வெயிலில் உட்காரவைத்துப் பார் பார் என்று படுத்தியவள் நான். வெட்கமாக இருந்தது.

"நான்தான் சார். தனியா நிரப்புனேன். லேபிளைப் பாக்கல."

"ரெண்டு பேர் வேணும்னு எதுக்கும்மா சொல்றேன்?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன் சார்."

"அதுக்குத்தான்மா" என்றார். குரல் உயரவில்லை.

புறத் தேர்வாளரிடம் அவரே சொன்னார், என்னை வைத்துக்கொண்டே. அந்த மனுஷர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, ஐந்து தாளையும் வரிசையாகப் பரப்பினார். ஐந்திலும் ஒரே வாக்கியம்: "வெள்ளை வீழ்படிவு அதிக காரத்தில் முழுவதும் கரைகிறது." மெக்னீசியம் ஐந்து குழாயில் முழுவதும் கரைந்திருக்கிறது, உலகத்திலேயே எங்கள் லேபில் மட்டும்.

ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். "கரைஞ்சுச்சாப்பா?" என்று சங்கரலிங்கம் சார் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும், "பாக்கல சார்" என்றான். கதவோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பாண்டிக்கு முகம் செத்துவிட்டது.

அவர்களை ஃபெயிலாக்கியிருக்கலாம். ஆனால் தப்பான பாட்டிலைக் கொடுத்தது நாங்கள். ஐந்து பேருக்கும் வேறு உப்பு கொடுத்து அங்கேயே மறுபடி எழுதவைப்பது என்று முடிவானது. சாரும் புறத் தேர்வாளரும் சேர்ந்து நின்று, ஒருவர் படிக்க, ஒருவர் திருப்பிச் சொல்ல, நிரப்பினார்கள். பாண்டியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேரும் அரைகுறையாகவாவது தாங்களே கண்டுபிடித்துத் தேறினார்கள். புறத் தேர்வாளருக்கு பஸ் போய்விட்டது. சுகன்யா தாளில் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "மேடம், அந்த வெள்ளைத் தாள் வைக்கிறது என்ன முறை? எங்க காலேஜ்லயும் செஞ்சு பாக்குறேன்" என்று கேட்டுக்கொண்டு போனார்.

எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், சார் இரண்டு தடவை படித்துவிட்டு மேலே அனுப்பினார். ஐந்து நிமிஷத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வருஷ டைம்டேபிளில் எல்லா பேட்சுக்கும் அதை அவரே எழுதிவிட்டார். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. வெறுமனே "பார்வை – 5 நிமிடம்" என்று. பாண்டி கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நாள், "இப்பல்லாம் பிள்ளைக என்கிட்ட எதுவும் கேக்குறதே இல்ல மேடம். தண்ணி மட்டும்தான் கேக்குதுக" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஜெனிபர், உன் வகுப்பில் செயலி இருக்கட்டும், போட்டோவும் எடுத்துக்கொள். நான் உனக்குச் சொல்ல நினைப்பது அன்று சாயங்காலம் நடந்தது மட்டும்தான்.

தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு சுகன்யா என் அறை வாசலில் நின்றாள். பாஸ் என்று தெரிந்தும் அதே முறைப்பு. கொட்டாம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகாமல் நிற்கிறாள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "பாண்டி உன்கிட்டயும் வந்து சொன்னாரா?"

"சொன்னாரு மேம். இந்தத் தடவ நல்லாவே காதுல விழுந்துச்சு. ஜிங்க்குன்னு."

"அப்ப ஏன் கரைகிறதுன்னு எழுதிட்டு அடிச்ச? பயமா?"

பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"பயமெல்லாம் இல்ல மேம். மொத தடவ பாக்கும்போது கரைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. சத்தியமா. அவரு சொல்லிட்டாரு, அம்புட்டுப் பேரும் ஜிங்க்குன்னு எழுதுறாக, என் கண்ணுக்கும் கரைஞ்சுதான் தெரிஞ்சுச்சு. எழுதிட்டேன். அப்புறம் பேனாவ மூடி வச்சுட்டு உக்காந்து பாத்தேன். கரையவே இல்ல மேம், அப்படியே வெள்ளையா நின்னுச்சு."